பெற்றோல் விலையும் கடைசி பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதக் கடைசி வந்தால் எங்கள் பக்கத்து எரிபொருள் நிலையங்களில் ஒரே சனம். "இண்டைக்கு இரவு விலை கூடுதாம்" என்று யாராவது வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும், பின்னேரம் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வான் எல்லாம் வீதிவரை வந்து நிற்கும். விலை அறிவித்த பிறகு ஒரு கிழமைக்குச் சந்தையிலும் கந்தோரிலும் கல்யாண வீட்டிலும் அதே கதைதான், இந்த அரசாங்கத்தைத் திட்டுவது, முந்தின அரசாங்கத்தைத் திட்டுவது, பிறகு அடுத்த மாதம் வந்துவிடும். பத்திரிகைகளும் புதிய விலையைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. விலை கூடினால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வர யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு ஏன் ஒரு வழியும் இல்லை என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதை நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. மசகு எண்ணெயாக வந்தாலும் சுத்திகரித்த பெற்றோலாக வந்தாலும் கப்பலில்தான் வருகிறது, டொலரில்தான் காசு கட்ட வேண்டும். 2018இல், உலகச் சந்தை விலைக்கு ஏற்றபடி இங்கே விலையை மாற்றுகிற விலைச் சூத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், இடையில் கைவிட்டார்கள், 2022 நெருக்கடியில் திரும்பவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த விலைக்குள் தீர்வை இருக்கிறது, 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி இருக்கிறது, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா என்று ஒரு தொகையும் இருக்கிறது. கூட்டுத்தாபனம் பட்ட கடனை ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் பிள்ளை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் அந்த 50 ரூபாயைக் குறைத்தாலும், வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வருகிற ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் ஒரு பதற்றம் வந்தால், அல்லது ரூபா கொஞ்சம் சரிந்தால், குறைத்தது முழுவதும் ஒரே இரவில் திரும்ப ஏறிவிடும். அதைத் தடுக்கக் கொழும்பிலும் ஒருவராலும் முடியாது, யாழ்ப்பாணத்தில் நிச்சயமாக முடியாது.

2022ஐ அதற்குள் எப்படி மறந்தோம் என்று எனக்கு விளங்கவில்லை. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் 26இல் 470. அரை வருடத்துக்குள் இரண்டரை மடங்குக்கு மேல். டீசல் 121இல் இருந்து 460க்குப் போனது. அதுவும் காசு இருந்தால் கிடைத்ததா என்றால் இல்லை, ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. வரிசையில் வண்டியை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த ஆட்களை எல்லோரும் கண்டோம். இரவில் தகப்பன், விடிய மகன், பத்து மணிக்குத் தாய் என்று வீட்டில் இருக்கிறவர்கள் முறை மாறி வரிசையில் நின்றார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஆகஸ்டில், மீன்பிடிப் படகுகள் ஓடுகிற மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரேயடியாக ஏறியபோது எங்கள் கரையோரத்தில் எத்தனை படகு வாடியில் ஏற்றிக் கிடந்தது என்பதைப் பருத்தித்துறை ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்த மாதங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழிக் கூட்டுக்குப் பின்னால் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. சந்திக்குச் சந்தி சைக்கிள் திருத்துகிற ஐயாமாருக்கு மூச்சுவிட நேரமில்லை, ரயரும் ரியூப்பும் தட்டுப்பாடு, பழைய லுமாலா சைக்கிளுக்குக்கூட நல்ல விலை. வங்கி முகாமையாளர் சைக்கிளில் வந்தார், டொக்டர் சைக்கிளில் வந்தார், ஒருவருக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை. வீதியில் சத்தம் குறைந்தது. பிறகு 2023 மார்ச் கடைசியில் பெற்றோல் 400இலிருந்து 340க்கு இறங்கியது, செப்டெம்பரில் கியூஆர் முறையும் நின்றது, சைக்கிள்கள் பழைய இடத்துக்கே போய்விட்டன. 2025 பெப்ரவரியில் ஐந்து வருடத்துக்குப் பிறகு கார் இறக்குமதியைத் திறந்ததும் ஊருக்குள் புதுக் கார்கள் வரத் தொடங்கின, இரண்டு பேர் அகலமான ஒழுங்கைக்குள் கார் கொண்டுபோக மதிலை இடித்து ஒதுக்கிக் கட்டுகிறார்கள்.

எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1990இல் யுத்தத்தால் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் என்பதே பூட்டி வைக்கிற சாமான். பிள்ளைகள் பால் குடிக்கிற சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள், காபரேற்றருக்குள் இரண்டு துளி அடித்து எஞ்சினை எழுப்பிவிட்டு அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள், பின்னால் வெள்ளைப் புகை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். நெல்மூட்டை, விறகு, வாழைக்குலை, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிள் கரியரில்தான். அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டும் என்று ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள், நானும் இல்லை. அது எங்கள் மேல் திணிக்கப்பட்டது. ஆனால் மேடு பள்ளம் இல்லாத இந்தக் குடாநாட்டில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஒரு சமூகம் படித்தது, வேலைக்குப் போனது, கோயிலுக்குப் போனது என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். வேறு நாட்டுக்காரர் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

யுத்தம் முடிந்த பிறகு நடந்தது என்ன? வீதிகள் காப்பெற் ஆகின, நல்லது. அதோடு லீசிங் கம்பனிகள் வந்து சந்திக்கு ஒரு கிளை திறந்தன. முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதாமாதம். வெளிநாட்டுக் காசு வந்த வீட்டில் கார், வராத வீட்டில் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ. பஸ் சேவை மட்டும் அந்த வேகத்துக்கு வளரவில்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ஒன்று தகப்பனுக்கு, ஒன்று பிள்ளையின் ரியூசனுக்கு. அவர்கள் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. ஆறரை மணிக்கு ரியூசன் முடிகிற பெண்பிள்ளை வீட்டுக்கு வர வேறு எதுவும் இல்லை.

சும்மா ஒரு கணக்குப் பாருங்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். போய்வர அறுபதுக்கு மேல். நல்ல நிலையில் இருக்கிற மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 ஓடும் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர். 2025 முழுவதும் பெற்றோல் 300 ரூபாயைச் சுற்றித்தான் நின்றது, அந்த விலைக்கே நாளுக்கு 450 ரூபா, மாதத்தில் 22 நாள் வேலை என்றால் ஏறக்குறைய 10,000. தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. நகரத்துப் புடைவைக் கடையில் நிற்கிற ஒரு பிள்ளை தன்னுடைய சம்பளத்தில் மூன்றில் ஒன்றை எரித்துவிட்டுத்தான் வேலைக்கே வருகிறாள், லீசிங் கட்டுவதும் ஒயில் மாற்றுவதும் ரயரும் இதில் சேரவில்லை. காரில் வருகிறவருக்கு இது மூன்று மடங்குக்கும் மேல் போகும், ஆனால் அவர் எப்படியோ சமாளிப்பார். விலை 50 ரூபா கூடினால் முதலில் மீனையும் பிறகு பிள்ளையின் ரியூசனையும் குறைக்கிறது அந்தப் புடைவைக் கடைப் பிள்ளையின் வீடுதான்.

பஸ் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. காலையில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற 750 இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், வழியில் நெல்லியடியில் ஏறினால் யாழ்ப்பாணம் வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆட்களை ஏற்ற ஒரு சந்தியில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் உருட்டி உருட்டி நிற்பார்கள், பின்னால் மற்ற பஸ் தெரிந்ததும் பிசாசு பிடித்தமாதிரி ஓட்டம். முன்பக்கத்தில் கர்ப்பிணி நின்றாலும் அதே ஓட்டம்தான். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பின்னேரம்தான் பிரச்சினை. இருட்டத் தொடங்கினால் பஸ் நிலையம் வெறிச்சோடிவிடுகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒருவர் ஒரு நேரம் சொல்வார், மற்றவர் வேறு நேரம் சொல்வார், தரிப்பிடத்தில் ஒரு பலகை கிடையாது. சில நாள் ஆட்கள் குறைவு என்று கடைசி ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் அப்படி நிறுத்தினால் போதும், அடுத்த நாள் அந்த பஸ்ஸை நம்பி நின்ற பத்துப் பேரும் வேறு வழி தேடிக்கொள்வார்கள், பிறகு "ஆட்கள் இல்லை, அதனால் ஓடவில்லை" என்ற கதை உண்மையாகிவிடும். ஆஸ்பத்திரியில் மாலை வேலை முடிகிற தாதிமார், கடைப் பிள்ளைகள், பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து படிக்கிற மாணவர்கள், இவர்கள் எல்லோரும் வண்டி வாங்கியதற்கு அந்தக் கடைசி பஸ்தான் காரணம் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியார் பஸ்காரரும் நேர அட்டவணையில் பிடிக்கிற சண்டை எத்தனை வருடமாக நடக்கிறது! எந்த பஸ் நிலையத்தில் யார் நிற்பது, இணைந்த அட்டவணைக்கு யார் சம்மதிப்பது, யாருடைய பஸ்ஸை யார் முந்தினது என்று கூட்டம், பகிஷ்கரிப்பு, மறியல், மறுபடி கூட்டம். வவுனியாவிலும் புதிய பஸ் நிலையத்தை வைத்து இதே இழுபறிதான் நடந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கலாம், அரச பஸ்தான் சீசன் ரிக்கற் பிள்ளைகளை ஏற்றுகிறது, தனியாருக்கு டீசல் காசும் லீசிங்கும் அன்றன்றைக்கு வர வேண்டும். ஆனால் இருவரும் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் வருகிற ஆட்களுக்காகத்தான் அடிபடுகிறார்கள். இரவு எட்டு மணி ஓட்டத்துக்கு ஒருவரும் சண்டை பிடிக்கக் காணோம். அந்த ஓட்டத்தை வழித்தட அனுமதிப்பத்திரத்திலேயே கட்டாயமாக எழுதினால் என்ன? காலையில் நல்ல வருமானமுள்ள ஓட்டம் வேண்டுமா, இரவு ஓட்டத்தையும் ஓடு. ஓடாவிட்டால் காலை ஓட்டம் வேறு ஒருவருக்கு. வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை மாகாணத்துக்கு உரியது, மாகாணத்துக்குள் ஓடுகிற பஸ்ஸின் அட்டவணையைப் போட ஜெனீவாவுக்கோ கொழும்புக்கோ போகத் தேவையில்லை. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு கேள்வி கேட்க எங்கள் பிரதிநிதிகள் அங்கே இல்லாமல் போனது ஒரு பெரிய குறைதான், அதற்காக ஆளுநரிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. தேர்தல் காலத்தில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்தார்கள், ஒருவராவது பஸ்ஸைப் பற்றிப் பேசினாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பாடசாலை வாசல்களையும் ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும். பிற்பகல் 1.30க்கு நகரத்துப் பெரிய பாடசாலைகள் விடுகிற நேரம், ஒரு பிள்ளைக்கு ஒரு கார், ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி, ஏசி போட்டபடி எஞ்சின் ஓட வீதியின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் நெளிந்து நெளிந்து போகிறார்கள். தாய்மாரிடம் கேட்டால் "வீதியில வாகனம் கூட, சைக்கிள்ல விடப் பயமா இருக்கு, அதுதான் ஏத்த வாறன்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழை இல்லை, அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. காப்பெற் வீதியில் இன்று ஓடுகிற வேகத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எந்தத் தாய் தனியாக அனுப்புவாள்? ஆனால் ஒவ்வொரு தாயும் அதே பயத்தில் ஒரு வாகனத்தைக் கொண்டுவந்தால் அடுத்த வருடம் அந்த வாசலில் இன்னும் நெரிசல், இன்னும் பயம். சிசு செரிய பஸ் என்று பாடசாலைப் பிள்ளைகளுக்கான சேவை நாட்டில் இருக்கிறது, அதை எங்கள் பாடசாலைகளுக்குக் கூட்டிக் கேட்க வேண்டும். பாடசாலை விடுகிற அரை மணித்தியாலத்துக்கு வாசல் வீதியில் கார் நிறுத்தக் கூடாது என்று மாநகர சபை ஒரு விதி போட்டாலே சைக்கிள் பிள்ளைகளுக்கு மூச்சு வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடுகிறோம், வண்டியைத் தூரத்தில் சைக்கிள் பாதுகாப்பு நிலையத்தில் விட்டுவிட்டுக் கிழவர் முதல் குழந்தை வரை நடந்து போகிறோம், அங்கே ஒருவரும் குறை சொல்வதில்லை. அந்த மாநகர சபைக்கும் பொலிசாருக்கும் பாடசாலை வீதியில் அரை மணித்தியாலம் முடியாத காரியமா?

ரயிலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தபோது தண்டவாளத்தில் பூப்போட்டுக் கும்பிட்ட சனம் நாங்கள். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று சனம் நெருங்கி வாழ்கிற ஊர்களுக்கு நடுவால் போகிற பாதை அது. ஆனால் நேரங்கள் கொழும்புப் பயணத்துக்கு ஏற்றபடிதான் இருக்கின்றன. இந்தத் துண்டுக்குள் காலையும் மாலையும் கந்தோர் நேரத்துக்கு ஒரு சிறிய ரயில்பஸ் போய்வந்தால் காங்கேசன்துறை வீதியில் எத்தனை மோட்டார் சைக்கிள் குறையும்!

கார் வைத்திருப்பவர்கள் என்னோடு கோபிக்க வேண்டாம். வயது போன தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மாரி மழையில் கைக்குழந்தையோடு போக, கார் தேவைதான். சந்திக்குப் பாண் வாங்கப் போகவும் கார் எடுக்கிற நிலைமைக்கு எப்படி வந்தோம் என்றுதான் கேட்கிறேன். எங்கள் தலைமுறைக்கு நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் பத்து நிமிட நடைக்கு ஓட்டோ கேட்கிறார்கள். எண்ணெய்க் காசோடு மருந்துக் காசும் போகிறது.

மின்சாரக் காரும் மின்சார ஸ்கூட்டரும் வந்துவிட்டன, இனிப் பெற்றோல் கவலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். கூரையில் சோலர் போட்ட வீட்டுக்கு அது சரி. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்த பிள்ளை அதைக் கட்டி முடித்த கையோடு இன்னொரு லீசிங் எடுத்து மின்சார வண்டி வாங்க வேண்டுமா? வீதியில் நெரிசலும் வேகமும் அப்படியேதான் இருக்கும்.

பஸ் கட்டணமும் எண்ணெயோடு ஏறும் என்பது தெரியும். 2022 மார்ச்சில் 20 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஜூலையில் 40 ஆனது. ஆனாலும் ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் டீசல் விலை ஐம்பதாகப் பிரியும், ஒரு காரில் ஒருவர் போனால் முழுவதும் அவர் தலையில்தான். அந்தக் காலத்தில் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடின தட்டிவான் என்ற பழைய வண்டியில் மரக்கறிக் கடகம், மீன்கூடை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து போன இரகசியம் இதுதான்.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு, காரைநகருக்கு, காங்கேசன்துறைக்கு, சாவகச்சேரிக்கு, கீரிமலைக்குக் கடைசி பஸ் அட்டவணைப்படி எத்தனை மணிக்கு, உண்மையில் எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு நிருபரை அனுப்பி ஒரு கிழமை பார்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகாவது அதிகாரிகள் பதில் சொல்லட்டும். வாசகர்களும் தங்கள் ஊரின் கடைசி பஸ் நேரத்தை உங்களுக்கு எழுதி அனுப்பினால் நல்லது. வடமராட்சி கிழக்கில், மருதங்கேணிக்கு அங்கால் இருப்பவர்கள் முதலில் எழுத வேண்டும், அவர்களுடைய நிலைமை எங்களுடையதைவிட மோசம்.

இப்படிக்கு,
நெல்லியடி வாசகி